புகையிலையும் வலிப்பும்: நிக்கொட்டின் மூளையில் திறக்கும் கதவுகள்

மாத்தளை மாவட்டத்தின் மலைப்பக்கத் தோட்டங்களில் மழை பிடித்துவிட்டால் அட்டைத் தொல்லையும் தொடங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொள்வார்கள். ஏறிவிட்ட அட்டையின் மேல் வெற்றிலை எச்சிலைத் துப்புவோரும் உண்டு. அட்டை துடித்து, சுருண்டு, கழன்று விழும். எச்சிலில் சுண்ணாம்பின் காரமும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் புகையிலைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. அட்டையின் தசையில் இருக்கும் நுண்ணிய கதவுகளை நிக்கொட்டின் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது; தசை இறுகிப்போகிறது.

1930களில் ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் அட்டையின் முதுகுத் தசைக்குப் பெரிய மதிப்பு இருந்தது. நரம்புகள் சுரக்கும் அசற்றைல்கோலின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அந்தத் தசை சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். 1933 இல் நாசி ஆட்சியால் பேர்லினில் வேலையிழந்த வில்ஹெல்ம் பெல்ட்பேர்க் இந்த முறையை இலண்டனில் ஹென்றி டேலின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். நரம்புகள் இரசாயனப் பொருட்களின் மூலம் செய்தி கடத்துகின்றன என்று காட்டியதற்காக 1936 இல் டேலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதில் அட்டைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொல்வதுண்டு.

அதே குடும்பத்தைச் சேர்ந்த கதவுகள் நமது மூளையிலும் இருக்கின்றன. அவை அளவுக்கு மீறித் திறந்தால் வலிப்பு வரும்.

பல்லேபொலவில் யாரிடமாவது 'புகையிலையால் வலிப்பு வருமா' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் சிரிப்பார்கள். அறுபது வருடமாக வெற்றிலை போடுகிற பாட்டிகள் இல்லாத வீடு குறைவு. என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு நான்கும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. அவர்களில் யாருக்கும் வலிப்பு வரவில்லையே என்பது நியாயமான கேள்வி. அதற்கான பதில் நிக்கொட்டினின் அளவிலும், அது மூளைக்குப் போய்ச் சேரும் வேகத்திலும் இருக்கிறது.

கதவு எப்படித் திறக்கிறது

நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. இடையில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு கலம் அந்த இடைவெளியில் ஓர் இரசாயனப் பொருளை விடும். அடுத்த கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். நமது பாடநூல்கள் இதை வாங்கி என்கின்றன. தமிழ்நாட்டு நூல்களில் ஏற்பி. அசற்றைல்கோலினைப் பிடிக்கும் வாங்கிகளில் ஒரு வகை நிக்கொட்டினுக்கும் திறக்கும். அதனால்தான் அதற்கு நிக்கொட்டினிக் வாங்கி என்று பெயர்.

இந்த வாங்கி ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உருவாக்கும் அமைப்பு. நீர்த்தேக்கத்தின் வான்கதவைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அசற்றைல்கோலின் வந்து ஒட்டினால் கதவு திறக்கும். வெளியிலுள்ள சோடியமும் கல்சியமும் உள்ளே பாயும். கலத்தில் மின்தூண்டல் பிறக்கும். உடனேயே ஒரு நொதியம் அசற்றைல்கோலினை வெட்டிவிடும். செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் திறப்பும் மூடலும் முடிந்துவிடும். மூளையின் ஒழுங்கே இந்த விரைவான மூடலில்தான் தங்கியிருக்கிறது.

நிக்கொட்டினை அந்த நொதியத்தால் வெட்ட முடியாது. ஈரல் அதைச் சிதைத்து அகற்றும்வரை அது இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு மணித்தியாலம் ஆகும். கதவருகே அது இருந்துகொண்டே இருந்தால், கதவு முதலில் திறந்து கிடக்கும். பின்னர் களைத்து, சாவி செருகியபடியே பூட்டிக்கொள்ளும். முதலில் மிதமிஞ்சிய தூண்டல், பிறகு முடக்கம். நிக்கொட்டின் நஞ்சேற்றத்தின் முழுக் கதையும் இந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

வாங்கி என்ற கருத்தே நிக்கொட்டினிலிருந்து பிறந்ததுதான். கேம்பிரிட்ஜில் ஜோன் லாங்லி நிக்கொட்டினையும், அதன் செயலைத் தடுக்கும் குராரே என்ற அம்பு நஞ்சையும் வைத்துச் செய்த பரிசோதனைகளிலிருந்து, கலத்தில் இவற்றை ஏற்கும் ஒரு தனிப்பொருள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 1905 இல் வந்தார். அந்தப் பொருளைக் கையில் பிடிக்க இன்னும் அறுபது வருடங்களுக்கு மேல் ஆனது. அதற்கு உதவியது பாம்பு நஞ்சு. ஆட்களைக் கொல்லும் நமது கட்டுவிரியனின் தாய்வான் உறவுப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து தாய்வான் ஆய்வாளர்கள் 1963 இல் பங்காரோடொக்சின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது நிக்கொட்டினிக் வாங்கியை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். அதைத் தூண்டிலாகப் பயன்படுத்தி, 1970 இல் பாரிஸில் ஜோன்-பியர் சான்ஜுவின் குழு மின்மீனின் உடலிலிருந்து வாங்கியைப் பிரித்தெடுத்தது.

தூண்டல் வலிப்பாகும் இடம்

மூளையில் இந்தக் கதவுகளில் பல வகை உண்டு. துண்டுகளுக்கு அல்பா 4, பீற்றா 2, அல்பா 7 என்று பெயரும் எண்ணும் வைத்திருக்கிறார்கள். அல்பா 4 உம் பீற்றா 2 உம் சேர்ந்த கதவு மிகச் சிறிய அளவு நிக்கொட்டினுக்கே திறந்துவிடும். ஒரு சிகரெட் தரும் சுகமும், அதன்பின் வரும் அடிமைத்தனமும் பெரும்பாலும் இந்த வகைக் கதவின் வேலை. அல்பா 7 கதவுக்குக் கூடுதல் நிக்கொட்டின் தேவை. ஆனால் திறந்தால் கல்சியத்தை ஏராளமாக உள்ளே விடும். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இது நிறைய இருக்கிறது. வலிப்பு எளிதில் கிளம்பும் மூளைப் பகுதிகளில் ஹிப்போகாம்பஸும் ஒன்று.

இந்த வாங்கிகள் பல இடங்களில் நரம்பின் முனையிலேயே அமர்ந்திருக்கின்றன. அங்கே அவை திறந்தால், அந்த முனை தன்னிடமுள்ள வேறு இரசாயனங்களைக் கூடுதலாக வெளியே விடும். அவற்றில் முக்கியமானது குளுட்டமேற்று. மூளையின் பிரதான முடுக்கி அதுதான். பிரேக் போல வேலை செய்வது காபா என்ற பொருள். நிக்கொட்டின் காபா சுரக்கும் கலங்களையும் தூண்டுவதால், சிறிய அளவில் முடுக்கியும் பிரேக்கும் சேர்ந்தே அழுத்தப்படுகின்றன, மூளை சமாளித்துக்கொள்கிறது. அளவு கூடும்போது காபா கலங்களின் கதவுகள் களைத்துப் பூட்டிக்கொள்வதாகவும், குளுட்டமேற்றின் பெருக்கைத் தடுக்க ஆளில்லாமல் போவதாகவும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இலட்சக்கணக்கான கலங்கள் ஒரே தாளத்தில் வெடிக்கத் தொடங்குகின்றன. வலிப்பு என்பது இந்த ஒரே தாளம்தான். குளுட்டமேற்றின் வாங்கிகளை முன்கூட்டியே அடைத்துவிட்டால் எலிகளில் நிக்கொட்டின் வலிப்பு குறைவதும் இதற்குச் சான்று.

எந்தக் கதவு குற்றவாளி என்பது சுவையான விசாரணை. 1980களில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அலன் கொலின்ஸின் குழு பல எலி இனங்களை ஒப்பிட்டது. ஹிப்போகாம்பஸில் பங்காரோடொக்சின் ஒட்டும் இடங்கள் அதிகமுள்ள இனங்கள் குறைந்த நிக்கொட்டினுக்கே வலிப்புக் கண்டன. அந்த இடங்கள் அல்பா 7 கதவுகள். ஆகவே அல்பா 7 தான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். 2002 இல் அல்பா 7 அறவே இல்லாத எலிகளுக்கு நிக்கொட்டின் கொடுத்தபோது அவற்றுக்கும் வலிப்பு வந்தது! அடுத்து வந்த ஆய்வுகளில், அல்பா 5 அல்லது பீற்றா 4 துண்டு இல்லாத எலிகள் நிக்கொட்டின் வலிப்பைப் பெருமளவு தாங்கிக்கொண்டன. ஒரு கதவை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது என்பதே இதன் பொருள். ஆனால் மெக்கமிலமைன் என்ற மருந்தால் நிக்கொட்டினிக் வாங்கிகளைப் பொதுவாக அடைத்துவிட்டால் வலிப்பு வருவதில்லை. வழி இந்தக் குடும்பத்தின் வழியேதான் என்பதில் சந்தேகமில்லை.

எவ்வளவு என்பதுதான் கேள்வி

ஒரு சிகரெட்டின் புகையிலைக்குள் சுமார் 10 முதல் 14 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கிறது. புகைப்பவரின் உடலுக்குள் போவது 1 முதல் 1.5 மில்லிகிராம். மற்றது எரிந்தும் காற்றில் கலந்தும் போய்விடும். 60 மில்லிகிராம் ஓர் ஆளைக் கொல்லும் என்று பாடநூல்கள் நீண்டகாலம் எழுதிவந்தன. ஒஸ்ரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேண்ட் மாயர் இந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப்போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தங்கள் உடலிலேயே நிக்கொட்டினைப் பரிசோதித்த சிலரின் அனுபவத்தை வைத்து ஒரு ஜேர்மன் பாடநூல் போட்ட மதிப்பீடு அது. பின்னர் வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போனார்கள். வாயால் உட்கொண்டால் வளர்ந்தவர்களுக்கு மரணம் விளைவிக்கும் அளவு 500 மில்லிகிராமுக்கு மேலாகவே இருக்கும் என்று 2014 இல் அவர் எழுதினார்.

இது ஆறுதல் தரும் செய்தி என்று நான் சொல்லமாட்டேன். சாவுக்கான அளவு வேறு, வாந்திக்கும் வலிப்புக்குமான அளவு வேறு. அந்தச் சுயபரிசோதனைக்காரர்கள் சில மில்லிகிராமிலேயே மோசமாக அவதிப்பட்டார்கள். குழந்தையின் உடல் எடைக்கு எல்லா எண்களும் சுருங்கிவிடும்.

உடலில் என்ன தெரியும்? முதலில் உமிழ்நீர் ஊறும், வியர்க்கும், முகம் வெளிறும், தலை சுற்றும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். முதல்முறை வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போட்டவர் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தால் 'பழக்கமில்லை, அதுதான்' என்று சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். மருத்துவக் கண்ணால் பார்த்தால் அது நிக்கொட்டின் நஞ்சேற்றத்தின் முதல் படி. பெரும்பாலானோர் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். வாந்தி மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். தலைசுற்றல் மேற்கொண்டு மெல்லவிடாது. அளவு அதைத் தாண்டினால் நடுக்கம், குழப்பம், வலிப்பு. அதற்கும் மேலே போனால் இரண்டாவது கட்டம்: இதயத் துடிப்பு மந்தமாகும், இரத்த அழுத்தம் விழும், தசைகள் தளரும். சுவாசத் தசைகள் முடங்குவதால்தான் மரணம் நேர்கிறது.

வெற்றிலைப் பாட்டிகளுக்கு ஏன் வலிப்பு வரவில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. அவர்கள் சிறிது சிறிதாக மெல்லுகிறார்கள், சாற்றைத் துப்பிவிடுகிறார்கள். வருடக்கணக்கான பழக்கத்தால் அவர்களது வாங்கிகளில் பலவும் எந்நேரமும் களைத்த நிலையிலேயே இருக்கின்றன. இதனால் வெற்றிலையும் புகையிலையும் பாதுகாப்பானவை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப் புற்றுநோய் தனிக் கதை.

சுண்ணாம்பு பற்றி ஒரு வார்த்தை. நிக்கொட்டின் இயல்பில் ஒரு காரப்பொருள். அமிலத்தன்மையான இடத்தில் அது மின்னேற்றம் பெற்று, வாயின் மெல்லிய தோலைக் கடக்கச் சிரமப்படும். சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மையாக்கும்போது அது விடுபட்டு, விரைவாக இரத்தத்துக்குள் போகும். சுண்ணாம்பு இல்லாத வெற்றிலை 'பிடிக்காது' என்று நம்மவர்கள் சொல்வதில் நல்ல இரசாயனம் இருக்கிறது.

புதிய வழி

வேப் கம்பனிகள் இதே இரசாயனத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தின. விடுபட்ட நிக்கொட்டின் தொண்டையை எரிக்கும். அதனால் அதிகம் இழுக்க முடியாது. பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து நிக்கொட்டின் உப்பாக மாற்றினால் எரிச்சல் குறையும். மிகச் செறிவான திரவத்தையும் சுகமாக இழுக்கலாம். நுரையீரலில் இருந்து மூளைக்கு 10 முதல் 20 செக்கன்தான். வாந்தி வந்து தடுக்கும் முன்பே அடுத்த இழுப்பும், அதற்கடுத்த இழுப்பும் உள்ளே போய்விடும். சிகரெட் எரிந்து முடிந்தால் ஆள் நிறுத்தியாக வேண்டும். வேப் கருவியில் அப்படி ஒரு முடிவு இல்லை.

2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2010 முதல் அதுவரை, இலத்திரனியல் சிகரெட் பாவித்த பின் வலிப்பு வந்ததாக 35 முறைப்பாடுகள் கிடைத்திருந்தன. அவற்றில் பல இளவயதினருடையவை. அதே ஆண்டு ஓகஸ்டில் எண்ணிக்கை 127 ஆனது. சிலருக்குச் சில இழுப்புகளிலேயே வந்தது, சிலருக்கு ஒரு நாள் கழித்து. சிலருக்கு ஏற்கனவே வலிப்பு இருந்தது. சிலர் வேறு போதைப்பொருட்களும் எடுத்திருந்தார்கள். வேப்தான் காரணம் என்று நிறுவப்பட்டுவிட்டதாக அந்த நிர்வாகம் சொல்லவில்லை. தாமாக முன்வந்து அறிவித்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே அது. ஆனால் அதிக நிக்கொட்டின் வலிப்பை வரவழைக்கும் என்பது வேப் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விடயம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் இலத்திரனியல் சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைத் தயாரிப்புகளுக்கும் எதிராக, 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. வேப் கருவிகள் அதன்பிறகும் இளைஞர்களின் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாத்தளை இதற்கு விதிவிலக்கல்ல. மறைவில் விற்கப்படும் பொருளுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. போத்தலில் எழுதியிருக்கும் செறிவை யாரும் பரிசோதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம், ஒரு போத்தலுக்கு 10 மில்லிலீற்றர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள்ளேயே ஒரு சிறு போத்தலில் 200 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கும். பழ வாசனையும் இனிப்பும் கொண்ட அந்தத் திரவம் ஒரு குழந்தையின் கைக்கு எட்டினால் என்ன ஆகும்? 2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை அப்படி இறந்தது. அதன்பின்தான் அங்கே குழந்தைகளால் திறக்க முடியாத மூடி சட்டமாக்கப்பட்டது.

சிகரெட் துண்டைக் கடித்த குழந்தை பெரும்பாலும் வாந்தியோடு தப்பிவிடும். அந்த அனுபவத்தை வைத்துத் திரவத்தையும் எடைபோட வேண்டாம்.

தோட்டத்திலும் வயலிலும்

கலேவெல போன்ற புகையிலை பயிரிடும் பகுதிகள் பல்லேபொலவிலிருந்து தூரமில்லை. பச்சை இலையை ஈரத்தோடு பறித்துச் சுமக்கும்போது நிக்கொட்டின் தோல் வழியாக ஊறும். குமட்டலும் தலைவலியும் தளர்ச்சியும் வரும் இந்த நோய் 1970 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் மருத்துவ இதழில் பதிவானது. இந்தியாவில் குஜராத் தொழிலாளர்களிடமும் ஆராயப்பட்டது. இது வலிப்புவரை போவது அரிது. பனியும் மழையும் உள்ள காலையில் பறிப்பதைத் தவிர்த்தல், கையுறை, நீண்ட கை சட்டை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுதல் இவைதான் பாதுகாப்பு. வீட்டுத் தோட்டப் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் காய்ச்சித் தெளிப்பவர்களுக்கும் இது பொருந்தும். இயற்கைப் பூச்சிநாசினி என்பதால் அது மென்மையானது என்று நினைப்பது தவறு. கஷாயத்தைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது அதைவிடத் தவறு.

இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிநாசினிகளும் இதே வாங்கியைத்தான் தாக்குகின்றன. நிக்கொட்டினின் உறவு என்பதால் நியோநிக்கொட்டினொயிட் என்று பெயர். பூச்சியின் வாங்கியை இறுகப் பிடிக்கும், நமது வாங்கியைப் பிடிப்பது குறைவு. இலங்கை வைத்தியசாலைகளுக்கு இமிடாகுளோபிரிட் நஞ்சேற்றத்தோடு வந்த 68 பேரைப் பற்றிய ஆய்வு 2009 இல் வெளியானது. பெரும்பாலானோருக்கு வாந்தி, தலைவலி போன்ற மெல்லிய அறிகுறிகளே, ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, எவரும் இறக்கவில்லை. வாங்கியின் வடிவத்தில் பூச்சிக்கும் மனிதனுக்கும் உள்ள சிறு வேறுபாடு எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

மறைக்கப்படும் காரணம்

என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைப்பது வேறொன்று. நம் ஊர்களில் ஒரு பிள்ளைக்கு ஒருமுறை வலிப்பு வந்தால் போதும், 'வலிப்புக்காரர்' என்ற பெயர் ஒட்டிவிடும். கலியாணப் பேச்சு, வேலை, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். சில வீடுகளில் வைத்தியசாலைக்கு முன் பேயோட்டுபவரிடம் போவார்கள். நஞ்சினால் வந்த ஒரு வலிப்பு, வலிப்பு நோய் ஆகாது. தூண்டும் காரணம் இல்லாமல் மீண்டும் மீண்டும் வருவதையே அப்படி அழைப்பார்கள். ஆனால் இதை வேறுபடுத்தி அறிய வைத்தியருக்கு ஒரு தகவல் தேவை: அன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன இழுத்தது, எவ்வளவு இழுத்தது?

அந்தத் தகவல்தான் கிடைப்பதில்லை. பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் நிற்பார்கள், பொருளோ தடைசெய்யப்பட்டது, பாடசாலைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. 'ஒன்றும் எடுக்கவில்லை' என்று பிள்ளை சொல்லும். காரணம் தெரியாவிட்டால் தேவையில்லாத மாத்திரைகள் நீளலாம். உண்மைக் காரணம் பையிலேயே இருப்பதால் அடுத்த வலிப்பும் வரலாம். பெற்றோர் செய்யக்கூடிய உதவி, வைத்தியரோடு பிள்ளையைச் சிறிது நேரம் தனியே பேச விடுவது. ஏசுவதற்கு வீட்டுக்கு வந்தபின் நேரம் இருக்கிறது. மறுபக்கம், வேப் இழுத்த பிள்ளைக்கு வந்த எல்லா வலிப்பையும் வேப்பின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இளவயதில் முதன்முதலாக வெளிப்படும் வலிப்பு நோய்கள் உண்டு. பரிசோதனை எப்படியும் தேவை.

இந்த வாங்கிக்கும் வலிப்பு நோய்க்கும் பிறவியிலேயே உள்ள ஒரு தொடர்பும் தெரியவந்திருக்கிறது. தூக்கத்தில் மட்டும் கை காலை உதறி, கத்தி, எழுந்து உட்காரும் ஒருவகை வலிப்பு சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். கெட்ட கனவு என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். 1995 இல் ஓர் அவுஸ்திரேலியக் குடும்பத்தில் இதற்கான மரபணுப் பிழை பிடிபட்டது. அது அல்பா 4 துண்டில் இருந்தது. வலிப்பு நோயின் இத்தகைய பரம்பரை வடிவங்களில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட மரபணு இதுதான். வியப்பு என்னவென்றால், இந்த நோயாளிகள் சிலருக்கு நிக்கொட்டின் ஒட்டுத்தாள் வலிப்பைக் குறைத்திருக்கிறது. சிறிய, தொடர்ச்சியான அளவு அந்தப் பழுதான கதவைக் களைக்கவைத்துப் பூட்டிவிடுகிறது என்பது விளக்கம். ஒரே பொருள், ஒரே கதவு. அளவும் வேகமும் மாறினால் விளைவு எதிர்த்திசையில் போகிறது. அரிதான ஒரு மரபணுப் பிழைக்கு உரிய இந்தச் செய்தியைக் கேட்டு மற்ற வலிப்பு நோயாளிகள் புகைக்கத் தொடங்கக் கூடாது. அமெரிக்கத் தாதியரை வருடக்கணக்கில் தொடர்ந்து அவதானித்து 2010 இல் வெளியான ஆய்வு, புகைப்பவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு புகைக்காதவர்களை விட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் ஆய்வு என்று சொல்ல முடியாது; ஆனாலும் அலட்சியம் செய்யும் எண் அல்ல.

வலிப்பு வந்தால்

நிக்கொட்டினுக்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்று இல்லை. வைத்தியசாலையில் வலிப்பை டயஸிபாம் போன்ற மருந்துகளால் நிறுத்துவார்கள். அவை காபாவின் பிரேக்கைப் பலப்படுத்துபவை. சுரப்புகளும் இதய மந்தமும் மிகுந்தால் அற்றோபின் கொடுப்பார்கள். மூச்சுத் தளர்ந்தால் இயந்திரம். நிக்கொட்டின் உடலைவிட்டு விரைவாக அகலும் பொருள் என்பதால், முதல் சில மணித்தியாலங்கள் மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தால் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆளை ஒருக்களித்துப் படுக்கவிடுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர், தேசிக்காய்ச் சாறு எதுவும் போகக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். வலிப்பின் நடுவே அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். திரவம் தோலில் பட்டிருந்தால் உடையைக் கழற்றி நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். நேரத்தைப் பாருங்கள். நிக்கொட்டின் உள்ளே போனதாகச் சந்தேகம் இருந்தாலோ, முதல்முறை வலிப்பு என்றாலோ, ஐந்து நிமிடம் கடந்தாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். போத்தலையோ கருவியையோ ஒளிக்காமல் கூடவே கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை கேட்கும்போது அந்தப் போத்தலின் லேபிள்தான் முதல் விபரம்.

புகையை விட நினைக்கிறவர்களுக்கும் ஒரு விடயம். நிக்கொட்டின் ஒட்டுத்தாள் பயன்படுத்தினால் பழையதை உரித்த பின்பே புதியதை ஒட்ட வேண்டும். ஒட்டுத்தாளோடு சேர்த்துப் புகைத்துத் தள்ளுவது அளவைக் கூட்டும். புகையை விடக் கொடுக்கப்படும் புப்ரோப்பியன் என்ற மாத்திரை வலிப்புக்கான வாசலைத் தாழ்த்தக்கூடியது. சிறுவயதிலாவது ஒருமுறை வலிப்பு வந்திருந்தால் அதை எழுதிக் கொடுக்கும் முன்னரே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.